மூன்று சால் உருளைக்கிழங்கு

அன்றைக்குச் சாம்பல் டப்பா கொஞ்சம் கனமாக இருந்தது.

ஆட்ரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரச் சாம்பல் பஞ்சு மாதிரி. பெரிய பிஸ்கட் டப்பா முட்ட நிறைந்திருந்தாலும் ஒற்றைக் கையால் அலமாரியிலிருந்து இறக்கிவிடலாம். அன்று இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஈரம் இழுத்திருக்கும் என்று நினைத்தாள். பக்கத்துத் தோட்டத்து வில்ஃபின் கொட்டகைக் கூரை குளிர்காலம் முழுக்க ஒழுகியது, அவரும் இன்றைக்கு நாளைக்கு என்று தார்த்தாள் வாங்கி வைத்ததோடு சரி.

அன்று புனித வெள்ளி. அந்த ஊரில் உருளைக்கிழங்கு நட அதுதான் நாள். மண்ணின் மேல் சாத்தானுக்கு அதிகாரமில்லாத ஒரே நாள் என்பார்கள். வருஷம் முழுக்கத் தேவாலயத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட அன்று காலை ஏழு மணிக்கே மண்வெட்டியோடு சரிவில் ஏறிவிடுவார்கள். சுரங்கம் மூடியபின் சும்மா கிடந்த அந்தச் சரிவை நகராட்சி நாற்பது துண்டாகப் பிரித்துத் தோட்டம் போட வாடகைக்கு விட்டிருந்தது. ஆளுக்கொரு துண்டு, ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்ப் பீப்பாய். ஆட்ரியின் துண்டு பதினேழு. அதற்காக ஆறு வருஷம் காத்திருப்புப் பட்டியலில் கிடந்தாள். பக்கத்துப் பதினெட்டு வில்ஃப் ஹெட்லியுடையது.

வில்ஃபுக்கு எழுபத்தாறு வயது. சுரங்கத்தில் முப்பது வருஷம் உழைத்தவர். ஒவ்வொரு குளிர்காலமும் ஆப்பிள் மரத்தைக் கவாத்து செய்து, அந்தக் கிளைகளை ஒரு தகரப் பீப்பாயில் எரித்து, சாம்பலைப் பழைய பிஸ்கட் டப்பாக்களில் சேர்த்து வைப்பார். உருளைக்கிழங்குக்கு அதைவிட நல்லது இல்லை. "கேக்கவே வேணாம்மா, வேணும்போது எடுத்துக்கோ" என்று முதல் வருஷமே சொல்லிவிட்டார்.

அன்று அவர் விடியும்போதே தன் கிழங்கை நட்டு முடித்து வீட்டுக்குப் போயிருந்தார். ஆட்ரி டப்பாவைத் தூக்கிவந்து, தோண்டி வைத்த மூன்று சாலிலும் சாம்பலைத் தூவினாள். அது வெளுத்திருந்தது, விரலிடுக்கில் பொடிப்பொடியாக என்னவோ நெருடியது. எலும்புத்தூளும் கலந்து வைத்திருக்கிறார் மனுஷன் என்று சந்தோஷப்பட்டாள். அரைக்கைப்பிடிகூட வீணாக்காமல், டப்பாவைக் கவிழ்த்துத் தட்டித் தூவினாள்.

பிப்ரவரியிலிருந்து அடுக்களை ஜன்னலில், முட்டை அட்டைகளில் நிற்கவைத்து முளை கட்டவைத்த விதைக்கிழங்குகள். சாலுக்கு எட்டு, மொத்தம் இருபத்து நான்கு. முளை மேலே பார்க்கும்படி ஒவ்வொன்றாக உட்காரவைத்து மண்ணைத் தள்ளி மூடினாள். மூடிவிட்டுக் கையைத் தட்டும்போது பெப்பர்மின்ட் மிட்டாய் வாசனை அடித்தது. யார் என்று திரும்பிப் பார்த்தாள். பாதையில் யாரும் இல்லை.

டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுப்பது அவள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுக்களைத் தொட்டியில் சுடுதண்ணீர் விட்டுக் கழுவினாள். அடியில் ஒட்டியிருந்த எண்ணெய்க் காகிதம் ஊறி எழுந்து வந்தது. அதற்குக் கீழே ஒரு சின்ன அட்டை. தட்டச்சு எழுத்து.

எல்சி மே ஹெட்லி. ஓர் எண். நவம்பர் மாதத்துத் தேதி. தகனக்கூடத்தின் முத்திரை.

ஆட்ரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழாயை மூடத் தோன்றவில்லை.

எல்சி வில்ஃபின் மனைவி. நாற்பத்தொன்பது வருஷம் அவரோடு வாழ்ந்தவள். அதில் பாதியை அந்தக் கொட்டகையில், அவருக்கு எதிர் நாற்காலியில், கன்னத்தில் ஒரு பெப்பர்மின்ட்டை ஒதுக்கிக்கொண்டு கழித்தவள். ஆட்ரியின் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன வருஷத்தில், ஞாயிறு தவறாமல் ஒரு கறி அடையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் வைத்தவள். "சாப்பிடு கண்ணு, அழறதுக்கும் தெம்பு வேணும்" என்பாள். ஆட்ரியைக் கண்ணு என்று கூப்பிட்ட ஒரே ஜீவன் அவள்தான். நவம்பரில் செத்துப்போனாள். மே ஒன்பதாம் தேதி அவளுடைய பிறந்தநாள். அன்றைக்கு விட்பி கடற்கரைக்கு, கல்யாணமான மறுநாள் இருவரும் போன அதே இடத்துக்கு, அவளைக் கொண்டுபோய்க் கடலில் சேர்ப்பதாக வில்ஃப் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்திருந்தார். குளிர்காலம் முழுக்க அதையேதான் பேசினார். எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் பாறை என்பது வரைக்கும்.

தகனக்கூடத்துப் பிளாஸ்டிக் ஜாடி எல்சிக்குப் பிடிக்காது என்று அவளுடைய பிஸ்கட் டப்பாவிலேயே மாற்றி வைத்திருக்கிறார். மேல் தட்டில் வைத்திருப்பார். கூரை ஒழுகவும் கீழ்த் தட்டுக்கு இறக்கியிருப்பார், மற்ற டப்பாக்களோடு. ஆட்ரிக்கு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

போய்ச் சொல்லிவிடலாம். எழுந்து கோட்டைக்கூட மாட்டினாள். வில்ஃப் கதவைத் திறப்பார், "வாம்மா" என்பார், அந்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது? உங்கள் பெண்டாட்டியை உரம் என்று நினைத்து உருளைக்கிழங்குக்குப் போட்டுவிட்டேன் என்றா? கோட்டைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கோட்டோடும் கோட்டில்லாமலும் வீட்டுக்குள் நடந்தாள்.

மறுநாள் காலையில் தன் வீட்டுக் கணப்பிலிருந்த சாம்பலை அள்ளிச் சலித்து டப்பாவில் போட்டாள். கனம் வரவில்லை. கடைக்குப் போய்க் கிளிக்கூண்டில் போடும் மணல் ஒரு பை வாங்கிவந்து கலந்தாள். தூக்கிப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் கலந்தாள். அட்டையைத் துடைத்துக் காயவைத்து அடியில் ஒட்டினாள். வில்ஃப் டாக்டரிடம் போன நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் நுழைந்து டப்பாவைக் கீழ்த் தட்டில் வைத்துவிட்டு வந்தாள். முடிந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தெரியாமல் செய்தது ஒன்று, தெரிந்து செய்தது ஒன்று என்று இரண்டு தப்பாகிவிட்டது அவளுக்கே உறைத்தது. அதைத்தான் முடிந்தது என்ற வார்த்தையைப் போட்டு மூடினாள்.

அதற்கப்புறம் காத்திருப்பு.

உருளைக்கிழங்கு நட்டு மூன்று வாரம் சும்மா இருக்க வேண்டும். அது தோட்டக்காரனுக்குத் தண்டனை மாதிரியான மூன்று வாரம். மற்றவர்கள் புறாக் கூண்டைக் கழுவுவார்கள், வேலிக்குச் சாயம் அடிப்பார்கள். ஆட்ரியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை, இருட்டுகிற நேரத்தில் இன்னொரு தடவை என்று சரிவில் ஏறி, மூன்று மேட்டுக்கும் நடுவில் குனிந்து குனிந்து நடந்தாள். ஈர மண்ணின் புளிப்பு வாசனை, கீழே சாலையில் கியர் மாற்றும் பேருந்தின் முனகல், யாரோ எரித்த களைகளின் புகை, பக்கத்துக் கொட்டகையில் வில்ஃப் தேநீரை ஆற்றும் சத்தம் என்று எல்லாம் வழக்கம்போல இருக்க, அவள் துண்டு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. முளை வந்தால் அதைச் சாப்பிட முடியுமா? வராவிட்டால் நிம்மதியா?

இருபதாம் நாள் ஊரே முளைத்தது. வில்ஃபின் சாலில் கரும்பச்சையாக, சுருங்கிய காது மாதிரி இலைகள் மண்ணைப் பிளந்து எட்டிப் பார்த்தன. மிச்சமிருந்த இரண்டு கிழங்கை ஆட்ரி வீட்டுப் பின்வாசலில் ஒரு வாளியில் நட்டிருந்தாள், அவையும் முளைத்தன. ஒரே மூட்டைக் கிழங்கு. பதினேழாம் துண்டில் ஒன்றுகூட இல்லை.

"என்ன ஆட்ரி, கிழங்கு நட்டியா, இல்ல நட்டேன்னு நெனச்சுக்கிட்டியா?" என்றார் ஸ்டாப்ஸ். தோட்டச் சங்கத்தின் செயலாளர். கையில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும்.

"வரும். மண்ணு இன்னும் சூடாகல."

"உன் மண்ணு மட்டும் தனியா நார்வேலயா இருக்கு? பாத்துக்கோ. தரிசா கெடந்தா காலி பண்ணச் சொல்லிக் கடுதாசி வரும். நான் அனுப்பலன்னாலும் என் பொண்டாட்டி அனுப்பச் சொல்லுவா, அவ தங்கச்சி பட்டியல்ல நாலு வருஷமா நிக்கறா."

"உங்க வேலையப் பாருங்க ஸ்டாப்ஸ்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். போனதும் ஆட்ரி மண்டியிட்டு, எந்தத் தோட்டக்காரனும் செய்யக் கூடாததைச் செய்தாள். மண்ணை விரலால் கிளறினாள்.

கிழங்கு இருந்தது. அழுகவில்லை, கல் மாதிரி கெட்டியாக இருந்தது. மேலே பார்த்து வைத்த முளையும் இருந்தது. ஆனால் மேலே வரவில்லை. வெள்ளைவெளேரென்று, சுண்டு விரல் பருமனில், பக்கவாட்டில் வளைந்து மண்ணுக்குள் போயிருந்தது. அடுத்ததைக் கிளறினாள். அதுவும் அப்படியே. மூன்றாவது, நான்காவது. எல்லாம் ஒரே பக்கம். விரலால் ஒரு முளையைத் தொடர்ந்து ஓரடி, ஒன்றரை அடி மண்ணை விலக்கிக்கொண்டே போனாள், அதற்கு முடிவு வரவில்லை. தலையை நிமிர்த்தி அது போகும் திசையைப் பார்த்தாள்.

வில்ஃபின் கொட்டகை.

பெப்பர்மின்ட் வாசனை மண்ணிலிருந்து குபீரென்று வந்தது. ஆட்ரி அவசர அவசரமாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கையைக் கழுவி, மறுபடி கழுவி, வீட்டுக்குப் போய் மூன்றாம் தடவையும் கழுவினாள்.

இரண்டு நாள் கழித்துப் போய், முதல் சாலின் எட்டுக் கிழங்கையும் தோண்டி, முளைகளை ஒடித்து எறிந்துவிட்டு, ஒடிந்த முனை எதிர்ப்பக்கம் பார்க்க வைத்தாள். நான்காம் நாள் புது முளைகள் கிழங்கைச் சுற்றி வளைந்து அதே பக்கம் திரும்பியிருந்தன. முன்னைவிடத் தடிமனாக. அதற்குப் பிறகு அவள் கிளறிப் பார்க்கவில்லை.

மே ஒன்பது வந்தது. வில்ஃப் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு, டப்பாவைத் துணிப்பையில் வைத்து மார்போடு அணைத்தபடி பேருந்து நிறுத்தத்தில் நின்றார். ஆட்ரி ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். இப்போது ஓடிப்போய்ச் சொன்னால்கூட நேரம் இருக்கிறது. பேருந்து வந்தது, அவர் ஏறினார், பேருந்து போய்விட்டது.

மறுநாள் அவரைக் கொட்டகை வாசலில் பார்த்தாள். முகம் தொங்கியிருந்தது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா வில்ஃப்?"

"கொட்டினேம்மா." அவர் தன் கோட்டுக் கையைத் தடவிக்கொண்டார். "காத்து திருப்பி அடிச்சு பாதி என் மேலேயே விழுந்துச்சு. பேருந்துல வரும்போது ஒரே நாத்தம். நெலக்கரி நாத்தம்."

ஆட்ரி வீட்டுக் கணப்பில் எரிவது விறகு பாதி, நிலக்கரி பாதி.

"முப்பது வருஷம் நெலக்கரியில கெடந்தவன் நான். அந்த நாத்தம் எனக்குத் தெரியாதா?" என்றார் வில்ஃப். அவளைப் பார்க்காமல் வேலியைப் பார்த்துச் சொன்னார். "எல்சிக்கு அது ஆகவே ஆகாது. வீட்டுல ஒரு நாள்கூட எரிக்க விட்டதில்ல." கோட்டுக் கையை மறுபடி தட்டிவிட்டார். "சரிம்மா. தேத்தண்ணி ஆறிடும்." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குப் போவது குறைந்தது. கொட்டகையின் சின்ன ஜன்னலில் உள்பக்கம் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. சாயங்காலம் ஆட்ரி தண்ணீர் எடுக்கப் போகும்போது உள்ளே அவர் பேசுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டு, பதில் கேட்டுக் கேட்டுப் பேசுகிற மாதிரி. ஒரு தடவை சிரித்தார். நவம்பருக்குப் பிறகு அவர் சிரித்து அவள் கேட்டதில்லை. இன்னொரு சத்தமும் இருந்தது, தரைக்குக் கீழே, ஈரத் துணியை மரத்தில் தேய்க்கிற மாதிரி, மெதுவாக, நிற்காமல். வாளி நிரம்பி வழிந்து காலணிக்குள் தண்ணீர் போன பிறகுதான் அவள் நகர்ந்தாள்.

மே பதினான்காம் தேதி வானொலியில் உறைபனி என்று சொன்னார்கள். முளைத்த உருளைக்கிழங்குக்கு அதுதான் எமன். சாயங்காலமே சரிவு முழுக்க ஆட்கள். முளைகளின் மேல் மண் அணைத்தார்கள், பழைய திரைச்சீலை, செய்தித்தாள், போர்வை என்று கையில் கிடைத்ததை எல்லாம் போர்த்தினார்கள். வில்ஃபின் சால்களை மட்டும் யாரும் தொடவில்லை. கதவு சாத்தியே இருந்தது.

"கெழவன் தூங்கறான் போல, நீதான் கொஞ்சம் பாத்துக்கோயேன்" என்றார் ஸ்டாப்ஸ். "உனக்குத்தான் போர்த்த ஒண்ணும் இல்லையே, குடுத்து வெச்சவ."

எட்டரை மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. வானம் சுத்தமாக, வெளிர்ந்து, கண்ணாடி மாதிரி குளிர்ந்துகொண்டிருந்தது. மூச்சு புகையாக வந்தது. ஆட்ரி வில்ஃபின் முளைகளுக்கு மண் அணைத்துவிட்டு நிமிர்ந்தாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். என்ன ஆனாலும் சரி. இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் ஒரு நாள் நடக்க முடியாது என்று தோன்றியது. அடித்தால் அடிக்கட்டும், மூஞ்சியில் காறித் துப்பட்டும்.

மண்வெட்டியைத் தன் துண்டில் வைத்துவிட்டு, நடுப்பாதையைத் திரும்பத் தாண்டும்போது கால் தடுக்கியது. குனிந்து பார்த்தாள். முப்பது வருஷமாக ஜனங்கள் மிதித்து இறுகிய பாதை வெடித்திருந்தது. மூன்று வெடிப்பு, மூன்று மேடு. அவளுடைய மூன்று சாலும் அங்கே முடியாமல் பாதைக்கு அடியில் நேராகப் போய், கொட்டகைக்குக் கீழே நுழைந்திருந்தன.

அவள் கதவைத் தட்டினாள்.

"தொறந்துதான் இருக்கு" என்றார் வில்ஃப்.

உள்ளே இருட்டு. பெப்பர்மின்ட். அதற்குக் கீழே, பச்சைக் கிழங்கை அறுத்த வாடை.

"கதவச் சாத்தும்மா. வெளிச்சம் பட்டா பச்சையாயிடும்."

அவள் பழக்கத்தில் சாத்தினாள். கண் பழக நேரமாயிற்று. முதலில் வெள்ளை மட்டும் தெரிந்தது. தரைப் பலகைகளின் இடுக்குகளிலிருந்து எழுந்த வெள்ளை. இடுப்பு உயரம். இலை இல்லை. முளைகள் மட்டும், பருத்து, ஈரமாக, எதிர் நாற்காலியில் ஏறி அங்கே அடர்ந்து உட்கார்ந்திருந்தன. அங்கிருந்து, இந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த வில்ஃபிடம் வந்திருந்தன. பூட்ஸுக்குள். கால்சட்டைக்குள். கோட்டுக் கைக்குள் நுழைந்து கழுத்துப்பட்டை வழியாக வெளியே வந்திருந்தன. மடியில் வைத்திருந்த அவர் கையில் நூல் நூலாக வேர் இறங்கியிருந்தது. நகத்துக்கு அடியில். தோலுக்கு அடியில்.

"வில்ஃப், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"தெரியும்மா."

"தெரியாமத்தான்... புனித வெள்ளிக்கு... எலும்புத்தூள்னு நெனச்சு..."

"அது தெரியாமப் பண்ணது. அப்புறம் நெலக்கரிச் சாம்பலப் போட்டு வெச்சியே, அது?" கோபமே இல்லாத குரல். தேநீர் வேண்டுமா என்று கேட்கிற குரல். "நான் அன்னிக்குப் பேருந்துல அழுதுக்கிட்டே வந்தேன். பாறை மேல நின்னு யாருக்கோ போயிட்டு வான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். வந்து பாத்தா இவ இங்க, பலகை இடுக்குல எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கா."

ஆட்ரி சுவரைத் தடவினாள். ஆணியில் தொங்கிய கத்தரி கையில் பட்டது. யோசிக்கவில்லை. அவர் முழங்காலைச் சுற்றியிருந்த ஒரு முளையைப் பிடித்து வெட்டினாள்.

வில்ஃப் துடித்தார். உடம்பு முழுக்க. எதிர் நாற்காலியில் இருந்ததெல்லாம் சேர்ந்து துடித்தது. அவர் வாய் திறந்தது.

"வலிக்குது கண்ணு."

ஏழு வருஷத்தில் வில்ஃப் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை.

கத்தரி கீழே விழுந்தது. பிறகு வில்ஃப் தன் குரலில், களைத்துப்போய்ச் சொன்னார்.

"இன்னிக்கு உறைபனி. இவ இன்னும் இளசு, தாங்க மாட்டா. என்னால எழுந்திரிக்க முடியல. நீதாம்மா மண் அணைக்கணும்."

ஓடலாம். கதவு பின்னால்தான் இருக்கிறது. ஸ்டாப்ஸ் வீடு சரிவுக்குக் கீழே முதல் வீடு. போலீஸ், ஆம்புலன்ஸ், விளக்குகள். வந்து வெட்டுவார்கள். வெட்டுவதற்கு முன்னால் கேட்பார்கள். இது எப்படி வந்தது என்று கேட்பார்கள், டப்பாவில் என்ன இருந்தது, யார் மாற்றினார்கள், எதற்காகச் சொல்லவில்லை என்று கேட்பார்கள், ஊரே வேலிக்கு வெளியே நின்று அவளைப் பார்க்கும். ஆட்ரி கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். வைத்தபடி நின்றாள்.

"உன் பாத்தி மண்ணையே கொண்டா" என்றார் வில்ஃப். "அதுலதான் இவ மிச்சம் இருக்கா."

அவள் வெளியே போய்த் தள்ளுவண்டியை எடுத்தாள்.

முதல் சால் மூன்று வண்டி. முழங்கால் வரை வந்தது. இரண்டாவது சால் நான்கு வண்டி. மண்வெட்டியால் சரித்து, பின்பக்கத்தால் தட்டி, இடுக்கில்லாமல் இறுக்கினாள், அவரே முதல் வருஷம் காட்டிக் கொடுத்தபடி. இரண்டு நாற்காலியும் ஒரே மேடாயின. மண்ணில் வெளுத்த பொடி மின்னியது. கை உறைந்து மரத்துவிட்டது. அழுகை வந்தது, அதையும் துடைத்துக்கொண்டு வேலை செய்தாள்.

"இறுக்கித் தட்டாத. மூச்சு விடணும்."

"சரி."

"இந்தப் பக்கம் சரியுது பாரு."

"சரி வில்ஃப்."

மூன்றாவது சால். மார்பு. தோள். தாடை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், நன்றியோடு. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"முழுசா மூடிடாதம்மா. நுனி மட்டும் வெளிய தெரியட்டும்."

அதற்கப்புறம் உதட்டுக்கு மேல் மண் ஏறியது. கண் மூடவில்லை. அவள்தான் தன் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வண்டியைக் கவிழ்த்தாள். மண்வெட்டியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

திறந்து பார்த்தாள்.

கொட்டகை நிறைய ஒரே மேடு. உச்சியில் வில்ஃபின் வெள்ளை முடி ஒரு கொத்து வெளியே தெரிந்தது. அதன் நடுவில் முடியைவிட வெளுப்பாக, ஈரமாக, ஒரே ஒரு நுனி. கதவு சாத்தியிருந்தது. காற்று இல்லை.

அந்த நுனி மெதுவாக வளைந்து, அவள் நின்ற பக்கம் திரும்பியது.